வெளியே விடாத தும்மல்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இனிகோவுக்குக் கை மூக்குக்குப் போகும். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப உள்ளுக்குள்ளேயே ஓர் ஊது ஊதுவார். காதுக்குள் டிக்கென்று ஏதோ விடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கே அந்தச் சத்தம் கேட்கும். பிறகு கையை எடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சைத் தொடருவார்.

அவர் சங்கு குளிக்கிறவர். மீசை முளைக்கும் முன்பே தூத்துக்குடிக் கடலில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியவர். ஆழம் போகப் போகத் தண்ணீர் காதை அமுக்குமாம். மூக்கைப் பிடித்து ஊதினால்தான் காது விடுமாம், இல்லாவிட்டால் செவிப்பறை கிழிந்து ரத்தம் வருமாம். முப்பது வருஷம் இதையே செய்து பழகிய உடம்பு, கரையேறிய பிறகும் அதை விடவில்லை. யுத்தத்தின்போது துறைமுகத்தில் சைரன் ஊதினால் நாங்களெல்லாம் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடுவோம். அவர் என் கடை வாசலில் நின்று மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டிருப்பார். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

நான் தாணுலிங்கம், கருப்பட்டி வியாபாரி. ஊரில் என்னைக் கஞ்சன் என்பார்கள். என் மனைவி சண்முகவடிவு ஊருக்கு முன்னாலேயே அதைச் சொன்னவள். சீனி ரேஷனில் போன காலத்தில் கருப்பட்டி விற்றவனுக்கு நாலு காசு சேரத்தான் செய்யும். சேர்ந்ததை வாரியிறைக்க எனக்கு மனம் வராது, அவ்வளவுதான். இனிகோ எனக்கு நேர் எதிர். சங்கு சீசன் முடிந்து கூலி வந்த அன்றைக்கே பிள்ளையில்லாத அந்த வீட்டில் திருவிழா நடக்கும். தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். தினமும் காலையில் என் கடைக்கு வந்து கருப்பட்டி வாங்குவார், அரை மணி நேரம் என்னோடு சண்டை போடுவார், போவார். அவர் வராத நாளில் எனக்கு வியாபாரமே ஓடாது.

வள்ளத்தில் அவருக்குக் கயிறு பிடித்தவர் ரோச். இனிகோவின் மனைவி ஆக்னஸுக்கு அண்ணன். அந்தக் கரையில் அது வழக்கம். குளிக்கிறவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது அதன் நியாயம். ரோச்சும் இள வயதில் குளித்தவர்தான். அவருக்கும் அதே மூக்குப் பழக்கம் உண்டு. கயிற்றை அவர் ஒரு தடவைகூடப் பிந்தி இழுத்ததில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் இனிகோவுக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. அது வாங்கிய வசவு போதும். நாங்கள் அதைத் தர்மாஸ்பத்திரி என்போம், கால் காசு செலவில்லை. அறுத்துவிட்டு, ஒரு வாரம் மல்லாக்கப் படுக்கப் போட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது கண் போயிருந்தது.

அன்றிலிருந்து இனிகோ அந்த ஆஸ்பத்திரியைத் திட்டிய திட்டை எழுத முடியாது. “ஓசியில அறுத்தா கண்ணு வருமா அண்ணாச்சி? டாக்டருக்குப் படிக்கிற பையனுவளுக்கு நம்ம கண்ணுதான் சிலேட்டு” என்பார். கூடவே அந்தக் குழிந்த கண்ணைக் காட்டுவார். சொல்கிறவன் சொன்னால் சும்மா போகும், கண்ணையே காட்டினால்? கீழவைப்பாரிலிருந்து ஆலந்தலை வரைக்கும் கண் மங்கின ஒருத்தரும் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தனி டாக்டரிடம் போகக் காசு இல்லாதவர்கள் குருடாகவே வீட்டில் உட்கார்ந்தார்கள். ரோச்சுக்கும் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்தாறில் இனிகோவின் வலது கண்ணிலும் புரை இறங்கியது. இருந்ததே அந்த ஒரு கண்தான். கருப்பட்டியை மோந்து பார்த்து வாங்க ஆரம்பித்தார். ஒரு நாள் என் கடைப் படியில் இடறி விழுந்தார். எழுந்ததும் கை மூக்குக்குத்தான் போனது.

அதே வருஷம் எனக்கும் ஒரு கண்ணில் புரை என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை, தர்மாஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டேன். சண்முகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். இனிகோ கடைக்கே வந்து சண்டை போட்டார்.

“பெட்டி நிறையப் பணம் வச்சிக்கிட்டு ஓசிக் கட்டில்ல போய்ப் படுக்கேரே, வெக்கமா இல்லையா அண்ணாச்சி?”

“உமக்குப் பணம் இல்லை. நீரும் என்கூட வாரும்.”

“நான் மதுரைக்குப் போறேன். தனி டாக்டர். தனி ரூம். வள்ளத்துல என் பாதிப் பங்கை வித்தாச்சு.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “அந்த வள்ளந்தானே வே உமக்குச் சோறு. அதை வித்துட்டு என்னத்தைப் பாக்கப் போறீரு?”

“ஒரு கண்ணை ஓசிக்குக் குடுத்தாச்சு. இதையாவது விலை குடுத்து வாங்கிக்கிடுதேன்” என்றார். கருப்பட்டியை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே போனார்.

தர்மாஸ்பத்திரி சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நீளக் கூடத்தில் கட்டில்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. டெட்டால் வாடையும் வேர்வை வாடையும் போட்டி போட்டன. அறுவை முடிந்ததும் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கையையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார்கள். நாலு பேருக்குக் கூலி கொடுக்கிற என்னைப் பிடிபட்ட கள்ளன் மாதிரி கட்டிப்போட்டதில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு கையையாவது அவிழ்த்துவிடச் சொல்லி நர்ஸிடம் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் பெயர் ஞானசௌந்தரி. குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“அவுக்க மாட்டோம் ஐயா” என்றாள். “முன்னால ஒருத்தர் ஜெபமாலை உருட்டணும்னு அழுதாரு. பாவமேன்னு ஒரு கையை அவுத்து விட்டோம். கை முகத்துக்குப் போறப்பல்லாம் குருசு போடுதாருன்னு நெனச்சோம். கடைசியில கண்ணு போயிட்டு. என்ன செஞ்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதுலேருந்து யாருக்கும் அவுக்குறதில்ல.”

யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தருக்குத் தும்மல் வந்தது. ஆழ்வார்திருநகரிக்காரர் என்று பேச்சில் தெரிந்திருந்தது. அவர் தும்மலை அடக்கப் பார்த்தார் போலிருக்கிறது. ஞானசௌந்தரி ஓடிவந்து கத்தினாள்.

“வாயைத் திறங்க. பெரிசாத் திறங்க. அடக்கக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடி அடக்கினா அந்த அமுக்கம் அவ்வளவும் கண்ணுலதான் போய் முட்டும். அறுத்த எடம் பிளந்துக்கிடும்.”

அவர் வாயைத் திறந்து தும்மினார். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப்போனேன், பாதியிலேயே நின்றுவிட்டது. ஜெபமாலைக்காரர். முகத்துக்குப் போன கை. மூடின வாய், இறுக்கிப் பிடித்த மூக்கு, டிக்கென்ற அந்தச் சத்தம். இரண்டு கண்ணும் கட்டிக் கிடந்த இருட்டில் இனிகோவின் உப்பின கன்னம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பார்க்க வந்த சண்முகவடிவிடம், இப்போதே ஊருக்குப் போ, இனிகோவிடம் சொல், மூக்கைப் பிடிக்கவே கூடாது என்றேன். எனக்கு மருந்து மயக்கம் என்று நினைத்தாலும் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: வீடு பூட்டிக் கிடக்கிறது, புருஷனும் பெண்சாதியும் மதுரைக்குப் போய்விட்டார்கள். அவள் ரோச்சிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். “கருப்பட்டி யாவாரி சொல்லியா நாங்க மூச்சடக்கப் படிக்கணும்?” என்றாராம்.

தந்தி கொடுக்கலாம். என்னவென்று கொடுப்பது, மூக்கைப் பிடிக்காதே என்றா? தந்திச் சேவகனைக் கண்டாலே சாவு என்று ஆக்னஸ் விழுந்துவிடுவாள், படித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் அவர் பத்துத் தடவை பயந்து பத்துத் தடவை ஊதிவிடுவார். என் கையோ கம்பியில் கட்டிக் கிடந்தது. வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எதற்கும் காத்துக்கிடந்ததில்லை. வெளியே விட்ட அன்றைக்கு, கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்க, வீட்டுக்குப் போகாமல் ரோச்சிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினேன். எனக்குப் பார்வை வந்துவிட்டது. துணியை விலக்கினால் ஜன்னலுக்கு வெளியே இளம் விடலிப் பனைகள் பச்சைப் பச்சையாகத் தெரிந்தன. அதைப் பார்க்கச் சந்தோஷம் வரவில்லை.

மதுரையில் அது ஒரு பங்களா. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், உள்ளே வழவழவென்ற தரை, பேச்சே இல்லாத தாழ்வாரம். தர்மாஸ்பத்திரியில் ஒருத்தன் முனகினால் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். இங்கே ஒவ்வொரு அறையும் கதவு சாத்திக் கிடந்தது. இனிகோவின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் கட்டிலில் கண் கட்டோடு மல்லாந்து கிடந்தார். இரண்டு கையும் நெஞ்சில் சும்மா கிடந்தன, ஒன்றில் ஜெபமாலை.

“கருப்பட்டி வாசம் வருது. அண்ணாச்சியா?” என்றார்.

“கையைக் கட்டலையா வே?”

“காசு குடுக்குதவன் கையை எவன் கட்டுவான்? நான் என்ன களவாணியா?” குரலில் அவ்வளவு உற்சாகம். “மூணாம் நாள் கட்டை அவுத்துப் பாத்தாரு டாக்டர். அருமையா இருக்குன்னாரு. நாளைக்கு முழுசா அவுக்காக.”

“உம்மை என்ன செய்யக் கூடாதுன்னு சொன்னாரு?”

“இருமாத, தும்மாத, முக்காதன்னாரு. எனக்குச் சொல்லணுமா? முப்பது வருசம் மூச்சைக் கட்டினவன்லா. ஆக்னஸைக் கேளும்.”

ஆக்னஸ் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பெருமை. “விசிறிக் காத்து சேரலை அண்ணாச்சி. முந்தாநாளு தும்மல் மேல தும்மல். ஒண்ணைக்கூட வெளிய விடலையே அவுக. மூக்கைப் பிடிச்சு அப்படியே உள்ளுக்குள்ள அமுக்கிட்டாக. டாக்டரய்யா கேட்டா மெச்சுவாரு.”

“பொறவு வலிச்சுதா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம். கண்ணுக்குள்ள வெந்நீர் ஊத்தின மாதிரி இருந்துது. பொறவு அடங்கிட்டு” என்றார் இனிகோ. “ஏன் அண்ணாச்சி பேச்சைக் காணோம்?”

எழுந்து டாக்டரைத் தேடிப் போனேன். நல்ல மனுஷன்தான். நான் சொன்னதைப் பாதி கேட்கும்போதே எழுந்துவிட்டார். நாளைக்கு அவிழ்க்க வேண்டிய கட்டை அப்போதே அவிழ்த்தார். பஞ்சை எடுத்தவர் அப்படியே குனிந்து நின்றார். நானும் பார்த்தேன். அதைப் பார்க்கவா என் கண் சரியானது என்று இருந்தது.

டாக்டர் ஒரு விளக்கைக் கண்ணுக்கு நேரே கொண்டு வந்தார். “வெளிச்சம் தெரிகிறதா?”

“கட்டை முழுசா அவுங்க ஐயா” என்றார் இனிகோ.

கட்டு டாக்டரின் கையில் இருந்தது. ஆக்னஸ் அதைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த சத்தத்தில் இனிகோவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கை மேலே போனது. மூக்கைப் பிடித்தது. கன்னம் உப்பியது. டாக்டர் பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

“இதை... அறுவைக்குப் பிறகு அடிக்கடி செய்தீர்களா?” என்றார் டாக்டர்.

“தும்மக் கூடாதுன்னு சொன்னீகளே ஐயா.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். தும்மினால்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது, அடக்கினதுதான் கண்ணைப் பிளந்துவிட்டது என்றார். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். இனிகோ வேண்டாமென்று தலையை அசைத்தார்.

பிறகு இனிகோ யாரிடம் என்றில்லாமல் பேசினார். “அந்தக் கண்ணுக்கும் இதைத்தான் செஞ்சேன். அங்கன கட்டித்தான் போட்டிருந்தாக. ஜெபமாலை உருட்டணும்னு நான்தான் அழுது அவுக்க வச்சேன். அதிலயும் ஒரு தும்மலை வெளிய விடலை.”

ஆக்னஸ் தரையில் இருந்தபடியே, “நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், எனக்கு அது நல்லதாத்தானே பட்டுது” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். யாருக்கு அது ஞாபகம் இருந்தது?

ஊருக்குத் திரும்பிய பிறகு இனிகோ பழைய மாதிரி சண்டை போடவில்லை. காசையும் குறை சொல்லவில்லை, ஓசியையும் குறை சொல்லவில்லை. காலையில் ஆக்னஸ் அவரை என் கடையில் கொண்டுவந்து விடுவாள். கருப்பட்டி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். வந்து போகிறவர்களின் குரலை அடையாளம் கண்டு, “ஒங்க அம்மைக்குக் கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்பார். கண் மங்கினவர்கள் இருக்கிற வீடெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு நாளும் அந்த வீடுகளில் தன் குழிந்த கண்ணைக் காட்டியவர் அவர்தானே. தர்மாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ என்பார். சிலர் அவர் பேச்சைக் கேட்டுப் போனார்கள். சிலர், பாவம், இரண்டு கண்ணும் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் காதுபடவே சொன்னார்கள். வைப்பாற்றுப் பக்கத்துக் கிழவி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாமல், குருடாகவே செத்தாள். அந்தச் செய்தி வந்த அன்று முழுக்க அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ரோச் மசியவே இல்லை. அவருக்குக் கண்ணைவிட அந்தக் கட்டில்தான் பயம். ஒரு நாள் வள்ளத்தில் ஏறக் காலை வைத்து, இருக்கிறது என்று நினைத்த இடத்தில் பலகை இல்லாமல் தண்ணீரில் விழுந்தார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, இனிகோ உட்கார்ந்திருந்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார். “வாரேன் மச்சான். ஆனா நீயும் கூட வரணும்” என்றார்.

மூன்று பேரும் போனோம். இரண்டு பேருக்கும் சேர்த்து என் கண்தான் வழிகாட்டியது. ரயிலில் ரோச் இரண்டு தடவை மூக்கைப் பிடித்தார். இரண்டு தடவையும் சத்தம் வருவதற்கு முன்னாலேயே இனிகோ அவர் கையைத் தட்டிவிட்டார். எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுவை முடிந்து ரோச்சைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். ஞானசௌந்தரி துணியோடு வந்தாள். இனிகோவின் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“ஆமா தாயி, அந்த ஜெபமாலைக்காரன்தான்” என்றார் இனிகோ, அவள் காலடி நின்றதைக் கேட்டு. “இவரு கையை நான் கட்டுதேன். துணியைத் தாங்க.”

அவள் கொடுத்தாள். இனிகோ கட்டில் கம்பியைத் தடவிப் பார்த்து, ரோச்சின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, வள்ளத்தில் போடுகிற முடிச்சாகவே போட்டார். இருபத்தைந்து வருஷம் தன்னைக் கடலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்ட கை அது. ரோச்சின் விரல்கள் முகத்தைத் தேடித் துணியை இழுத்தன.

“மச்சான்” என்றார் ரோச். “பயமா இருக்கு. ஜெபமாலை உருட்டவாவது ஒரு கையை அவுத்து விடு.”

ஞானசௌந்தரி என்னைப் பார்த்தாள். நான் இனிகோவைப் பார்த்தேன். அவருடைய வெறும் கண்கள் இரண்டும் கூரையைப் பார்த்திருந்தன.

“ஜெபம் நான் சொல்லுதேன்” என்றார். “நீ வாயைத் திறந்துக்கிட்டுப் படு.”

பிறகு குனிந்து, முடிச்சைத் தடவி, இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார்.